விளையாடுதியாலே?

காணும் பொங்கலன்று எங்கள் தெருப் போட்டியில் நடந்ததைப் பற்றி ரெண்டே வரி போட்டேன். அதற்கே இத்தனை பேர் போன் பண்ணிப் புத்தி சொல்லிவிட்டீர்கள். சரி, ரெண்டு வரியில் நிறுத்தியதுதான் தப்பு. முழுசாகவே சொல்லிவிடுகிறேன்.

எலுமிச்சம்பழ ஓட்டம். ஒன்றாம் வகுப்புப் பையன், வாயில் கரண்டி, கரண்டியில் பழம். பாதி தூரத்தில் பழம் விழுந்து யார் வீட்டுக் கோலத்தின் மேலோ உருண்டது. அவன் அதை எடுக்கவில்லை. குத்தவைத்து உட்கார்ந்து, கரண்டியால் லேசாகத் தள்ளிப் பார்த்தான். கலர்ப்பொடி ஒட்டிக்கொண்டு ஒரு பக்கம் மஞ்சள், ஒரு பக்கம் ரோஸ் என்று பழம் சுற்றியதில் அவனுக்கு ஒரே சிரிப்பு. கோடு, போட்டி எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பழத்தின் பின்னாலேயே வந்த வழியில் திரும்பிப் போய்விட்டான். அவன் அப்பா பாய்ந்து வந்து பிடரியில் ஒன்று போட்டார். "ஏலே, விளையாடுதியாலே? ஓடுலே!"

நடந்தது விளையாட்டுப் போட்டி. பேனரில் கொட்டை எழுத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. அதில் விளையாடிய ஒரே ஆள் அந்தப் பையன். அடி வாங்கிய ஒரே ஆளும் அவன்தான்.

இதுகூடப் பரவாயில்லை. நான் போய்க் கேட்டதற்கு அவர் சொன்ன பதில்தான் இன்னும் எனக்கு ஆறவில்லை. "சும்மா விளையாட்டுக்குத் தட்டினேன் அண்ணாச்சி, இதப் போய்ப் பெருசு பண்ணுதிய."

ஆக, பையன் சிரித்தது விளையாட்டு இல்லை. அவனை அடித்தது விளையாட்டு.

இந்தச் சொல்லை நாம் படுத்துகிற பாடு கொஞ்சநஞ்சமல்ல. பிள்ளையைத் திட்ட 'விளையாட்டுப் புத்தி'. பயமுறுத்த 'விளையாட்டு வினையாகும்'. யாரையாவது புண்படுத்திவிட்டுத் தப்பிக்க 'விளையாட்டுக்குச் சொன்னேன்'. தொல்காப்பியர் மகிழ்ச்சி எதிலிருந்தெல்லாம் பிறக்கும் என்று நாலே நாலு சொல்கிறார்: செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு. சொல்லிவிட்டு 'அல்லல் நீத்த உவகை' என்கிறார். அல்லல் இல்லாதது. பிடரியில் விழுந்த அடி அந்தக் கணக்கில் வராது, அண்ணாச்சி.

தமிழில் 'ஆடு' ஒட்டிக்கொள்ளும் இடங்களைப் பாருங்கள். நீராடு, உரையாடு, கொண்டாடு. குறுக்குத்துறைப் படியிலிருந்து ஆற்றில் குதிக்கிற பயல்கள் நீராடுகிறார்களா, விளையாடுகிறார்களா? அவர்களைக் கேட்டால் நம்மைத்தான் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். கம்பன் இன்னும் மேலே போய், படைப்பது, காப்பது, அழிப்பது மூன்றையுமே கடவுளின் 'அலகிலா விளையாட்டு' என்றுவிட்டான். நல்லவேளை, கடவுளுக்கு அப்பா இல்லை.

தத்துவம் படித்த நண்பர் ஒருவர் விட்கென்ஸ்டைன் என்கிற தத்துவ அறிஞரைக் கொண்டுவந்தார். எல்லா விளையாட்டுக்கும் பொதுவாக ஒரு குணம் கிடையாது, ஒரு குடும்பத்து ஆட்களின் மூக்கும் முழியும் போல அங்கங்கே சாயல்தான் இருக்கும், அதனால் இது விளையாட்டு, இது இல்லை என்று நான் கோடு கிழிக்க முடியாதாம். இருக்கட்டும். அந்தக் குடும்பத்தில் பிடரி அடி எந்த வழிச் சொந்தம் என்று மட்டும் சொல்லட்டும்.

'போட்டி என்றால் ஜெயிக்க வேண்டாமா?' என்கிறீர்கள். வேண்டும். என் ஆச்சியைவிட வெறியாகத் தாயம் ஆடிய ஆளை நான் பார்த்ததில்லை. புளியங்கொட்டையை நடைக்கல்லில் ஒரு பக்கம் மட்டும் வெள்ளை தெரியும்வரை தேய்ப்போம். தேய்த்த சூட்டோடு அடுத்தவன் கையில் வைத்துவிட்டு ஓடுவது தனி. நாலு கொட்டையில் ஒன்று மட்டும் வெள்ளையாக விழுந்தால்தான் தாயம். தாயம் விழாமல் காய் இறங்காது. சில நாள் மத்தியானம் முழுக்க விழாது. உலையை மறந்து ஆச்சி உருட்டிக்கொண்டே இருப்பாள். இத்தனைக்கும் காயை ரெண்டு விரலால் தூக்கி நடுக்கட்டத்தில் வைத்தால் பழமாகிவிடும், வேலை முடிந்தது. யாரும் வைக்க மாட்டோம். கனடாவில் தத்துவம் கற்பித்த பெர்னார்ட் சூட்ஸ் 1978இல் இதைத்தான் சொன்னார்: தேவையில்லாத தடையைத் தானாக விரும்பி ஏற்றுக்கொண்டு தாண்டப் பார்ப்பதுதான் விளையாட்டு. தானாக விரும்பி. நான் சொல்வது இவ்வளவுதான். விரட்டினால் அது விளையாட்டு இல்லை. ஜெயித்தாலும் இல்லை.

'அவர் பிள்ளை, அவர் அடிக்கிறார், உமக்கென்ன?' இதற்கெல்லாம் பதில் கிடையாது.

'விளையாட்டால் வேலை கிடைக்கும், அதற்குக் கண்டிப்பு வேண்டும்' என்றவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. கோவில்பட்டியில் ஹாக்கி மட்டை பிடித்தே வேலைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பட்ட பாட்டைக் குறைத்துப் பேச நான் யார்? ஆனால் எலுமிச்சம்பழ ஓட்டத்துக்கு எந்த ரயில்வேயில் வேலை தருகிறார்கள்?

கோபம் கொஞ்சம் கூடத்தான் வருகிறது. காரணம் இருக்கிறது. எட்டாம் வகுப்பில் என்னிடம் ஒரு பம்பரம் இருந்தது. உடம்பெல்லாம் ஆக்கர், அதாவது அடுத்தவன் பம்பர ஆணியின் குத்து வாங்கி அம்மைத் தழும்பு போல இருக்கும், ஆனாலும் ஆடாமல் அசையாமல் நின்று சுற்றும். பரீட்சைக்கு ரெண்டு நாள் முன்னால் அப்பா அதை வெந்நீர் அடுப்பில் போட்டார். "விளையாட்டுப் பயலாவே போயிருவ" என்றார், அவ்வளவுதான். அடிக்கவில்லை. காலையில் அம்மா சாம்பல் அள்ளும்போது ஆணி மட்டும் கிடைத்தது. கறுத்துப்போன அந்த ஆணியை ரொம்ப நாள் ஜாமெட்ரி பாக்ஸில் வைத்திருந்தேன். அப்பாவைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் நல்ல மனிதர். அந்தக் காலம் அப்படி. இப்படி நாற்பது வயதுக்கு மேல் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றால் அந்தக் காலம் எப்படி என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

பெருசு பண்ணுகிறேனாம்.

அன்றைக்குப் பரிசு கொடுத்தார்கள், மூன்று பேருக்கு எவர்சில்வர் டிபன் பாக்ஸ். அந்தப் பையனுக்கு ஒன்றும் இல்லை. அவன் அப்பா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். கால்சட்டைப் பை ஒரு பக்கம் உப்பலாக இருந்தது. கோலப்பொடி துணியை மீறித் தெரிந்தது.