தேநீருக்கு உள்ள பங்கு ஓவியத்துக்கு ஏன் இல்லை?

எங்கள் இருபத்தைந்தாவது திருமண நாளுக்காக, கேப் டவுனிலிருந்து வடக்கே சுமார் மூன்று மணி நேரப் பயணத்தில் இருக்கும் செடர்பெர்க் மலைப்பகுதியில், ஒரு சொகுசு வனவிடுதியில் இரண்டு இரவுகள் தங்கினோம். வாடகையை இங்கே எழுதினால் உறவினர்களின் வாயில் விழ வேண்டியிருக்கும் என்பதால் விட்டுவிடுகிறேன். அறையிலும் சாப்பாட்டிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. மனத்தை உறுத்திக்கொண்டிருப்பது காலை நடையின்போது பார்த்த பாறை ஓவியங்கள்தான்.

செம்மஞ்சள் நிற மணற்பாறையின் அடியில், குனிந்து நுழையும்படியான ஒரு குடைவு. அதன் சுவரில் காவி நிறத்தில் மனிதர்கள் வரிசையாக நடந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொருவரும் என் சுண்டுவிரல் உயரம்தான். ஆனாலும் கெண்டைக்கால் சதையின் திரட்சி தெரிந்தது, வில்லின் நாண் மயிரிழை போல ஒரே கோடாக ஓடியது. என்னை அறியாமல் விரலை நீட்டிவிட்டேன். வழிகாட்டி சட்டென்று தடுத்து, விரலின் எண்ணெய்ப் பசையே வண்ணத்துக்கு எமன் என்றார். படத்தில் நிறம் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று ஒரு காலத்தில் ஓவியங்களின் மேல் தண்ணீர் ஊற்றியவர்களும் உண்டாம்.

இவற்றை வரைந்தவர்கள் வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் வாழ்ந்த சான் மக்கள். இப்பகுதி ஓவியங்களுள் சில, பல ஆயிரம் ஆண்டுகள் பழமையானவை. நான் இவற்றை வேட்டைக் கணக்கு என்றே நினைத்திருந்தேன். நோய் தீர்ப்பதற்காக ஆடி, தன்னிலை மறந்தவர்கள் கண்ட காட்சிகளே இவற்றில் பல என்பது டேவிட் லூயிஸ் வில்லியம்ஸ் என்னும் அறிஞரின் விளக்கம்.

வழிகாட்டி அத்தனையும் அழகாகச் சொன்னார்; ஆனால் சான் மக்களைப் பற்றிய ஒவ்வொரு வாக்கியமும் "வாழ்ந்தார்கள்", "வரைந்தார்கள்" என்று இறந்தகாலத்திலேயே முடிந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் குடியேறிகளின் ஆயுதக் குழுக்கள் அவர்களைச் சுட்டுக் கொன்றதும், பிள்ளைகளைப் பிடித்துப் பண்ணை வேலைக்கு வைத்ததும் அந்த நடையில் இடம்பெறவில்லை. தென்னாப்பிரிக்கா 2000ஆம் ஆண்டு ஏற்ற அரசுச் சின்னத்தின் குறிக்கோள் வாசகம், இன்று பேச ஆளில்லாத ஒரு சான் மொழியில் இருக்கிறது. சின்னத்தின் நடுவிலுள்ள மனித உருவங்களும் ஒரு சான் பாறை ஓவியத்திலிருந்து எடுக்கப்பட்டவையே. மொழி போனாலும் சான் வழித்தோன்றல்கள் இன்றும் அந்நாட்டில் இருக்கிறார்கள்.

பிற்பகலில் தாழ்வாரத்தில் ரூய்போஸ் தேநீர் தந்தார்கள். இந்த மலைகளிலும் இவற்றைச் சுற்றியுள்ள பகுதிகளிலும் மட்டுமே இயற்கையாக வளரும் அந்தச் செடியின் பயனை முதலில் அறிந்தவர்கள் சான் மக்களும், ஆடுமாடு மேய்த்து வாழ்ந்த கோய் மக்களும் என்பதை ஏற்று, 2019இல் ரூய்போஸ் துறை அவர்களோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. பண்ணையில் இலைக்குக் கொடுக்கும் விலையில் 1.5 சதவீதத்தை அவர்களுக்குச் செலுத்த வேண்டும். தொகை பெரிதல்ல என்று வாதிடலாம். ஆனால் மூதாதையரின் அறிவில் பிழைப்பவர்கள் வழித்தோன்றல்களுக்குக் கடன்பட்டிருக்கிறார்கள் என்பது அங்கே எழுத்தில் ஏறிவிட்டது. அதே மண்ணில், அதே மக்களின் ஓவியங்களைக் காட்டி, தேநீரைவிடப் பல மடங்கு பணம் வாங்கும் விடுதிகளுக்கு மட்டும் இந்தக் கணக்கு ஏன் பொருந்தாது?

தனியார் வேலியும் அதிக வாடகையும் இருப்பதால்தான் ஓவியங்கள் பிழைத்திருக்கின்றன என்று என் கணவர் சொன்னார். அதில் உண்மை இருக்கிறது; யாரும் வந்துபோகும் பாறைகளில் காதலர்கள் பெயரைக் கீறிவைப்பது நமக்குத் தெரியாததா? காவலுக்கும் பராமரிப்புக்கும் ஆகும் செலவை விடுதி எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் காவல் காப்பவருக்குக் கூலி உண்டு என்பதாலேயே வரைந்தவரின் பேரனுக்குப் பங்கு இல்லை என்றாகிவிடாது.

கிளம்பும்போது பில்லைப் பார்த்தேன். வைனுக்கு ஒரு வரி, சலவைக்கு ஒரு வரி, வனவிலங்குப் பாதுகாப்பு நன்கொடைக்கு ஒரு வரி இருந்தன. ஓவியங்களுக்காகச் சான் மக்களுக்கு ஏதும் போகிறதா என்று வரவேற்பறைப் பெண்ணிடம் கேட்டேன். அவர் புன்னகையோடு, "நடை இலவசம்தான் மேடம், அறை வாடகையிலேயே சேர்ந்தது" என்றார்.