மெகித்தோவில் கைநழுவிய ஒரு நாள்

பண்டைய எகிப்திய மன்னர் மூன்றாம் துட்மோசை 'எகிப்தின் நெப்போலியன்' என்று சொல்லிச் சொல்லியே அவரைச் சின்னவராக்கிவிட்டோம். குள்ளமானவர் என்ற பேச்சும் அதோடு ஒட்டிக்கொண்டது. அவருடைய மம்மியில் பாதங்கள் முறிந்து போயிருந்தன. பாதமில்லாத உடலை அளந்து வந்த கணக்கு அது!

அவரைப் புரிந்துகொள்ள, இன்றைய இஸ்ரேலில் இருந்த கானான் கோட்டை நகரமான மெகித்தோவில் நடந்த போரைப் பார்க்க வேண்டும். கி.மு. 15ஆம் நூற்றாண்டு. அதுவரை அவரோடு சேர்ந்து ஆண்ட அரசி ஹட்செப்சுத் மறைந்து அதிக நாள் ஆகவில்லை; சிரிய நகரமான காதேஷின் மன்னன் தலைமையில் சிரிய, கானான் சிற்றரசர்கள் மெகித்தோவில் திரண்டுவிட்டார்கள். காசாவைக் கடந்து யெகெம் என்ற ஊருக்கு வந்த எகிப்தியப் படைக்கு முன்னால் மூன்று வழிகள். வடக்கிலும் தெற்கிலும் சுற்றுப்பாதைகள், நடுவில் அருணா கணவாய். அதில் குதிரைக்குப் பின் குதிரை, ஆளுக்குப் பின் ஆள் என்றுதான் போக முடியும். "முன்படை சண்டை போடும்போது பின்படை அருணாவிலேயே நிற்குமே" என்று தளபதிகள் தடுத்தார்கள். நியாயமான பயம்தான். மன்னர் கணவாயையே தேர்ந்தெடுத்தார். எதிரிகளோ மற்ற இரண்டு பாதைகளில் காத்திருந்தார்கள். இந்தத் துணிச்சலைப் பாராட்டுகிறவர்கள் அடுத்ததைச் சொல்வதில்லை: வெளியே வந்ததும் தளபதிகள் பேச்சைக் கேட்டு, கடைசி ஆள் வரும்வரை கணவாய் வாயிலேயே நின்றார்.

மறுநாள் எதிரிப்படை சிதறி ஓடியது. அங்கேதான் தப்பு நடந்தது. துரத்த வேண்டிய வீரர்கள், விட்டுப்போன தேர்களையும் பொன்னையும் அள்ள இறங்கிவிட்டார்கள். அதற்குள் கோட்டைக்காரர்கள் கதவை அடைத்து, ஓடிவந்த அரசர்களைத் துணியைத் தொங்கவிட்டு மதில்மேல் தூக்கிக்கொண்டார்கள். விளைவு, ஏழு மாத முற்றுகை. எகிப்தின் கர்னாக் கோயில் சுவரில், பிடித்தவற்றின் கணக்கு இருக்கிறது: 924 தேர்கள், 2,041 குதிரைகள். கொன்ற எதிரிகளை எண்ண வெட்டிய கைகள் வெறும் 83. காதேஷ் மன்னன் தப்பிவிட்டான். அந்தக் காதேஷுக்காகப் பிறகு பலமுறை படையெடுக்க வேண்டியிருந்தது.

ஒரு நாள் கைநழுவினால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்ற அந்தப் பாடத்தை அவர் மறக்கவில்லை என்றே நினைக்கிறேன். சுமார் 20 ஆண்டுகளில் 17 படையெடுப்புகள். அடுத்தடுத்த படையெடுப்புகளில் கடற்கரைத் துறைமுகங்களைப் பிடித்து, ரொட்டி, எண்ணெய், தேன், மது என்று ஆண்டுதோறும் இருப்பு வைக்கச் செய்தார். ஆட்சியின் 33ஆம் ஆண்டில் வட சிரியாவின் மித்தானி அரசு மீது போனபோது, இன்றைய லெபனான் கடற்கரையிலுள்ள பிப்லோஸ் பக்கம் தேவதாரு மரத்தில் படகுகள் கட்டி, மாட்டு வண்டிகளில் ஏற்றி யூப்ரடீஸ் வரை கொண்டுபோனார். ஆற்றைக் கடந்து, பாட்டன் முதலாம் துட்மோஸ் நட்ட நினைவுக் கல்லுக்குப் பக்கத்திலேயே தன் கல்லையும் நட்டார்.