கண்புரை இல்லை, மேகம்

சனிக்கிழமை நடந்த ஒளி மாசு கூட்டத்தில் நான் கேள்வி கேட்ட வீடியோவை எனக்கே பதினாலு பேர் அனுப்பியிருக்கிறீர்கள். நன்றி. யார் யார் சிரிக்கிறார்கள் என்று நானும் நிறுத்தி நிறுத்திப் பார்த்துவிட்டேன். "டீச்சர், வயசானா வானம் மங்கலாத்தான் தெரியும், முதல்ல கண்புரையைப் பாருங்க" என்றார் மேடையில் இருந்தவர். அரங்கம் சிரித்தது. நான் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டேன். அவ்வளவுதானே, அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

நான் கேட்டது ஒரே கேள்வி. விளக்கு வெளிச்சத்தில் நட்சத்திரம் மறைகிற ஒளி மாசு பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினீர்களே, மேகத்தைப் பற்றி ஏன் ஒரு வார்த்தை இல்லை? தெருவிளக்குக்கு எதிராக மனு கொடுக்கலாம். முடியாவிட்டால் வண்டியை எடுத்துக்கொண்டு ஜவ்வாது மலை ஏறலாம். மேகத்துக்கு யாரிடம் மனு கொடுப்பது? மொட்டைமாடியில் டெலஸ்கோப் வைத்திருக்கிறவர்களுக்கு வருடத்தில் எத்தனை இரவு மிஞ்சுகிறது, அது குறைகிறதா கூடுகிறதா என்று யாராவது எண்ண வேண்டாமா?

நான் எண்ணுகிறேன். 2004 ஜூன் 8-ம் தேதி வெள்ளி சூரியனைக் கடந்தபோது, பள்ளி மைதானத்தில் அட்டையில் விழுந்த சூரியன் மேல் மிளகு மாதிரி ஒரு புள்ளியைப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். நடுநடுவே மேகம் வந்து மறைக்க, பிள்ளைகள் "போச்சு போச்சு" என்று கத்தினார்கள். அன்று இரவே ஆரம்பித்தேன். தினமும் ஒன்பது மணிக்கு மாடி ஏறுவேன். நோட்டில் ஒரு வட்டம் போட்டு எட்டுத் துண்டாகப் பிரிப்பேன். வானத்தில் எத்தனை பங்கு மறைந்திருக்கிறதோ அத்தனை துண்டுக்குப் பென்சிலால் கறுப்படிப்பேன். வானிலை நிலையங்களிலும் எட்டில் எத்தனை என்றுதான் எழுதுகிறார்கள், நானாகக் கண்டுபிடித்த முறை இல்லை. காய்ச்சல் வந்த நாள், கல்யாணத்துக்குப் போன நாள் தவிர ஆறு நோட்டு நிரம்பியிருக்கிறது.

ஐப்பசி, கார்த்திகை வட்டங்கள் எப்போதும் கறுப்புதான். அடைமழையில் நட்சத்திரம் தேட எனக்கென்ன பைத்தியமா? போன வாரம் ஜெமினிட்ஸ் எரிகல் மழையை மேகம் தின்றுவிட்டது என்றுகூட நான் புகார் சொல்லவில்லை. டிசம்பர் அப்படித்தான். என் புகார் தை, மாசி, பங்குனி பற்றியது. பழைய நோட்டில் அந்தப் பக்கங்கள் கோலப்புள்ளி வைத்த மாதிரி வெள்ளை வெள்ளையாக இருக்கின்றன. கடைசி இரண்டு நோட்டில் அதே மாதங்களில் பென்சில் ஏறியிருக்கிறது. பெரும்பாலும் கனத்த மேகம் இல்லை. உயரத்தில் மல்லுத்துணி விரித்த மாதிரி மெல்லிய மேகம். திருவாதிரை தெரியும், மிருகசீரிடம் தெரியும், பார்க்கிறவர்கள் "நல்லா க்ளியரா இருக்கே" என்பார்கள். டெலஸ்கோப்பில் கண்ணை வைத்தால், அந்தப் பக்கத்தில் ஒளிரும் வாயுப்புகையான ஓரியன் நெபுலாவின் சிறகு இருக்காது. நடுவில் நாலு நட்சத்திரம் மட்டும் மினுக்கிக்கொண்டு நிற்கும்.

சரி, வீடியோவுக்குக் கீழே கமெண்டில் வந்தவர்களுக்கு வருகிறேன். உலகம் முழுக்கத் தாழ்வான மேகங்கள் குறைவதாகத்தானே சாட்டிலைட்டுகள் சொல்கின்றன என்று ஒரு தம்பி லிங்க் போட்டிருக்கிறார். படித்தேன் தம்பி. அதே துறையில் 2024-ல் வந்த இன்னொரு ஆய்வையும் படித்திருக்கலாம். பகலில் குறைகிற அளவுக்கு இரவில் மேகம் குறையவில்லை என்கிறது அது. நாங்கள் இரவில்தான் மாடி ஏறுகிறோம். அதுவும் போக, உலக சராசரி வந்து என் மாடிக்குக் குடை பிடிக்குமா?

நம் நாட்டுக் கணக்கும் இருக்கிறது. கண்ணாடி உருண்டை வழியாக வெயில் விழுந்து அட்டையில் கோடாகச் சுடும், அந்தக் கோட்டின் நீளம்தான் வெயில் நேரம். அப்படி 20 நிலையங்களில் 1988 முதல் 2018 வரை சேர்ந்த கணக்கைப் பனாரஸ் இந்து பல்கலைக்கழகமும் வானிலைத் துறையும் புணே ஆய்வாளர்களும் பார்த்து 2025-ல் எழுதினார்கள். பெரும்பாலான பகுதிகளில் வெயில் நேரம் குறைந்திருக்கிறது. காரணமாக அவர்கள் சொல்வது மேகமும் காற்றுத் தூசியும். பகல் கணக்குதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர்களை யாரும் கண் டாக்டரிடம் அனுப்பவில்லை.

முன்பு இருட்டில் மேகமே தெரியாது, இப்போது எல்இடி விளக்கு கீழேயிருந்து அடிப்பதால் மேகம் பளிச்சென்று தெரிகிறது, அதனால்தான் கூடின மாதிரி தோன்றுகிறது என்றார் ஒருவர். நல்ல கேள்வி, மேடையில் இருந்தவர் இதைக் கேட்டிருக்கலாம். நான் மேகத்தைத் தேடுவதில்லை, காணாமல் போன நட்சத்திரத்தைத்தான் எண்ணுகிறேன். பசிபிக் கடல் வழக்கத்தைவிடக் குளிர்ந்து வானிலையை மாற்றுகிற லா நினா மூன்று குளிர்காலம் தொடர்ந்து வந்ததே, 2020 முதல் 2023 வரை, அது உங்கள் பக்கங்களைக் கறுப்பாக்கியிருக்கலாம் என்றார் இன்னொருவர். இருக்கலாம். 30 வருடக் கணக்கு இல்லாமல் பருவநிலை என்று பேசக்கூடாது என்பதும் தெரியும். 2034-ல் சொல்கிறேன், அப்போது எனக்கு 67. அதுவரை எண்ணக்கூட உரிமை இல்லையா?

கோடைக்கானலில் நூறு வருடத்துக்கு மேலாகச் சூரியனைப் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள். படம் இல்லாத நாள் என்றால் பெரும்பாலும் மேகம் வந்த நாள். யாரோ ஒருத்தர் சலிக்காமல் எழுதி வைத்ததால்தான் அதுவும் இன்றைக்குத் தெரிகிறது. 1977 மார்ச்சில் யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது ஜவ்வாது மலையில் இருக்கிற காவலூர் வானாய்வகத்திலும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அந்த இரவில்தான் யுரேனஸின் வளையங்கள் பிடிபட்டன. எங்கள் மலையில் அன்று என் மல்லுத்துணி மேகம் வந்திருந்தால்?

"விவசாயி மழைக்கு ஏங்குறான், நீங்க மேகம் போகணும்னு வேண்டுறீங்க" என்று எழுதிய அம்மாவுக்குத்தான் எனக்குப் பதில் எழுதக் கை வரவில்லை. என் அப்பா மானாவாரியில் நிலக்கடலை போட்டவர். 1986 பங்குனியில் விடியற்காலை எழுப்பி, களத்துமேட்டில் நிறுத்தி, தெற்கே ஹாலி வால் நட்சத்திரத்தைக் காட்டியதும் அவர்தான். நிலாவைச் சுற்றி வட்டம் கட்டினால் அண்ணாந்து பார்த்து "அகல வட்டம் பகலே மழை" என்பார். அந்த வட்டத்தைக் கட்டுவது அதே மெல்லிய மேகம்தான், அதில் இருக்கிற பனித்துகள். அவருக்கு அது சோறு, எனக்கு அது தடை. ஆனால் இரண்டு பேரும் அதைத்தான் பார்த்தோம், தினமும் பார்த்தோம். அவர் சொன்னால் ஊர் கேட்டது. வட்டத்துக்குப் பென்சில் அடிக்கிற நான் சொன்னால் வீடியோ.

இப்போது பிள்ளைகள் போனில் மேக ஆப் பார்த்துவிட்டு மாடிக்கே வருவதில்லை. மேகம் என்று ஆப் சிவப்பு காட்டினால் தூங்கிவிடுகிறார்கள். 2025 செப்டம்பர் 7 சந்திர கிரகணத்தன்றும் அப்படித்தான், எங்கள் தெருவில் நான் மட்டும். நள்ளிரவைத் தாண்டி நாலு நிமிடம் மேகம் விலகியது. செம்புக் காசு மாதிரி நிலா. கூப்பிட்டுக் காட்ட ஆள் இல்லை.

கண் டாக்டரிடமும் நேற்றுப் போய்விட்டு வந்தேன், நீங்கள் கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். வலது கண்ணில் புரை ஆரம்பித்திருக்கிறதாம். இடது கண் சுத்தமாக இருக்கிறது. டெலஸ்கோப்பில் நான் வைப்பது இடது கண்.