செக்கியூரிட்டி தள்ளி நிற்கத் தேவையில்லை

"ஹோட்டல் வாசலில் ஒருவர் மயங்கி விழுந்தால் செக்கியூரிட்டி தொடக்கூடாது, அது டொக்டர் வேலை, அம்புலன்ஸ் வரும்வரை கூட்டத்தை விலத்தினால் போதும்" என்று மேலே ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். இலங்கையின் அம்புலன்ஸ் இலக்கமான 1990க்கு அடிக்க வேண்டும், சரி, இலவசம்தான். மற்றது பிழை.

கூப்பிட்டும் அசைவில்லை, மூச்சு இல்லை அல்லது விட்டுவிட்டு இழுக்கிறது என்றால் இதயம் நின்றிருக்கலாம். சில நிமிடங்களிலேயே மூளை பழுதாகத் தொடங்கிவிடும். திருகோணமலையில் நிலாவெளிப் பக்கம் அதற்குள் அம்புலன்ஸ் வந்துவிடுமா, நீங்களே சொல்லுங்கள். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, நெஞ்சின் நடுவில் ஒரு கைக்குமேல் மற்றக் கையை வைத்து, முழங்கை மடியாமல், 5 முதல் 6 சென்ரிமீற்றர் அமிழும்படி நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும். விலா எலும்பு முறிந்தாலும் நிறுத்தக்கூடாது. கடலிலிருந்து தூக்கியவர் என்றால், பழகியவர் வாய்வழி மூச்சும் கொடுக்கலாம்.

வலிப்பு வேறு கதை. கையில் திறப்பைத் திணிப்பது (இன்னும் விடமாட்டோம் என்கிறார்கள்!), வாயில் கரண்டி வைப்பது ஒன்றும் வேண்டாம். தலைக்குக் கீழே துணி, அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்கவைத்தல், அவ்வளவுதான். 5 நிமிடம் தாண்டினால் 1990.

செஞ்சிலுவைச் சங்கம் முதலுதவிப் பயிற்சி கொடுக்கிறது. முதலாளிமார் வாசலில் நிற்கும் ஆட்களையும் அனுப்பலாமே.