கையெழுத்துப் போட மனமில்லாதவர் நாற்காலியில் இருக்கலாமா?

ஓர் அரசியல்வாதி பதவி விலகினால் நம் மொரீஷியஸில் உடனே வரும் பேச்சு, "மாட்டிக்கொண்டார், ஓடிவிட்டார்" அல்லது "எல்லாம் நாடகம்". பல நேரம் அது உண்மையாகவும் இருந்துவிடுகிறது. ஆனால் 2002 பிப்ரவரியில் குடியரசுத் தலைவரின் ரெதுயி மாளிகையில் நடந்த விலகல்களையும் அதே தட்டில் வைத்து நிறுப்பவர்களோடு எனக்குத் தகராறு உண்டு.

அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தவர்களுக்காகச் சொல்கிறேன். அமெரிக்காவில் 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு நம் அரசும் ஒரு பயங்கரவாதத் தடுப்பு மசோதாவைக் கொண்டுவந்தது. சந்தேகத்தின் பேரில் பிடித்தவரை 36 மணி நேரம் வழக்கறிஞர் முகத்தையே பார்க்கவிடாமல் வைத்திருக்கலாம் என்றது அது. குடியரசுத் தலைவர் காசாம் உத்தீம் அதை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பினார். சபை மீண்டும் நிறைவேற்றி அவர் மேசைக்கே அனுப்பியது. இரண்டாம் முறை வந்துவிட்டால் தலைவர் ஒப்பமிட்டே தீர வேண்டும் என்பது அரசியல் சாசனம். உத்தீம் ஒப்பமிடவில்லை; பதவியை விட்டார். பொறுப்புக்கு வந்தவர் துணைத் தலைவர் அங்கிடி செட்டியார். சில நாட்களுக்குள் அவரும் அதே காரணத்துக்காக விலகினார். அடுத்து தலைமை நீதிபதி அரிரங்க பிள்ளை தற்காலிகத் தலைவராகிக் கையெழுத்திட்டார். சட்டம் வந்துவிட்டது.

இந்தக் காவடித் திருநாளில் ஏழு கறிச் சாப்பாட்டுப் பந்தியில் இந்தப் பேச்சு எழுந்தது. பக்கத்து இலைக்காரப் பெரியவர் ரசம் வரும்வரை பொறுத்திருந்துவிட்டுச் சொன்னார்: "செட்டியார் போட்டிருந்தாலும் அதே சட்டம் தம்பி, போடாவிட்டாலும் அதே சட்டம். பதவி போனதுதான் மிச்சம்."

கணக்கு சரிதான். செட்டியார் 2007இல் அதே துணைத் தலைவர் பதவிக்குத் திரும்பி, 2010இல் இறக்கும்வரை அதில் இருந்தார் என்று பெரியவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. திரும்பக் கிடைக்கும் என்று தெரிந்து விட்டிருந்தால் அந்த விலகலுக்கு என்ன மதிப்பு? என் வாதம் வேறு. சாசனத்தைக் காப்பேன் என்று உறுதிமொழி எடுத்தவர், பதவியில் உட்கார்ந்துகொண்டே கையெழுத்திட மறுத்தால் அந்த உறுதிமொழியை மீறியவர் ஆவார். தவறு என்று நம்பும் சட்டத்துக்கு ஒப்பமிட்டால், நாளை அதில் பிடிபடும் ஒருவனுடைய 36 மணி நேரத்தில் அவருக்கும் பங்கு உண்டு. சாசனத்தையும் மீறாமல் மனத்தையும் விற்காமல் இருக்க அந்த இருவருக்கும் வேறு வழி இருந்ததா? பலன் கிடைத்ததா என்று கேட்பது எளிது. பதவியில் இருந்திருந்தால் மட்டும் என்ன பலன் கிடைத்திருக்கும்?

கையெழுத்திட்ட நீதிபதி பிள்ளையை நான் குறை சொல்லமாட்டேன். சாசனத்தில் எழுதியிருப்பதைச் செய்வது நீதிபதிக்குப் பழகிய வேலை. ஒரே காகிதத்தின் இரு பக்கத்திலும் இரு தமிழர்கள், செட்டியாரும் பிள்ளையும்! நம் சங்கங்களிடம் விட்டால் இருவருக்கும் ஒரே மேடையில் பொன்னாடை போர்த்தியிருப்பார்கள்.

இதோடு 2017 ஜனவரியை வைத்துப் பாருங்கள். அனிருத் ஜக்நாத் பிரதமர் பதவியை விட்டார், மகன் பிரவிந்த் அமர்ந்தார். தேர்தல் நடத்துங்கள் என்று எதிர்க்கட்சிகள் கேட்டன. பெரும்பான்மை இருந்ததால் சட்டப்படி தேவைப்படவில்லை. 2019இல் மக்கள் பிரவிந்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் அதற்கு முந்தைய இரண்டரை ஆண்டுக்கும் மேலான பிரதமர் பதவி தந்தை கைமாற்றிக் கொடுத்தது. அந்த விலகலில் விலகியவர் இழந்தது என்ன? வீட்டுச் சாவி வீட்டுக்குள்ளேயே இருந்தது. அதை நியாயப்படுத்த என்னால் முடியாது.

2018இல் குடியரசுத் தலைவர் அமீனா குரிப்-ஃபகிம் விலகியது வேறு வகை. லண்டனைச் சேர்ந்த ஒரு தொண்டு நிறுவனம் தந்த கடன் அட்டையில் சொந்தப் பொருட்கள் வாங்கினார் என்று செய்தி வந்தது. பணத்தைத் திருப்பிக் கட்டிவிட்டேன் என்றார், முதலில் விலகமாட்டேன் என்றார், பிறகு விலகினார். போக வேண்டியவர்தான், தாமதமாகப் போனார். அதில் பெரிய விவாதம் இல்லை.

எனக்கு உறுத்துவது அதற்குப் பிந்தியது. துணைத் தலைவர் வியாபூரி தற்காலிகமாகப் பொறுப்பேற்றார். அந்தத் தற்காலிகம் 2019 இறுதிவரை நீண்டது. ஒன்றரை ஆண்டுக்கும் மேலாக இந்த நாட்டுக்கு முழுப் பதவியில் ஒரு தலைவர் இல்லை. கையெழுத்துப் போட ஒரு கை இருந்தால் போதும் என்று அரசு நினைத்துவிட்டதாகவே எனக்குப் படுகிறது. கடன் அட்டையைப் பற்றி நாள்கணக்கில் கத்திய நாம், இதைப் பற்றி வாயே திறக்கவில்லை.