65 ஆண்டு கழித்து முதலிடம்: ரசனை மாறவில்லை, கணக்குதான் மாறியது

அமெரிக்கப் பாடகி பிரெண்டா லீ 1958-ல் பாடிய 'ராக்கின் அரவுண்ட் த கிறிஸ்துமஸ் ட்ரீ' 2023 டிசம்பரில் அமெரிக்காவின் வாராந்திரப் பாடல் தரவரிசையான பில்போர்டு ஹாட் 100-ல் முதலிடம் பிடித்ததை வைத்து, 'இந்தத் தலைமுறை புதுப்பாட்டை வெறுத்துப் பழசுக்குத் திரும்பிவிட்டது' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். முதலிடம் வந்தது உண்மை. அதிலிருந்து எடுத்த முடிவுதான் இடிக்கிறது.

அந்தப் பாட்டு 1960-லேயே 14-ஆம் இடம் வரை வந்தது. அன்றைக்குக் கணக்கு இசைத்தட்டு விற்பனையும் வானொலியும்தான். ஒருமுறை வாங்கிய தட்டை வருஷா வருஷம் வீட்டில் சுழற்றினாலும் பட்டியலில் ஏறாது. இப்போது ஸ்ட்ரீமிங்கில், அதாவது இணையத்தில் பாட்டு கேட்கும் செயலிகளில், ஒவ்வொரு தடவை கேட்பதும் சேர்கிறது. அதனால்தான் மரியா கேரியின் 1994 கிறிஸ்துமஸ் பாட்டு அமெரிக்காவில் 2019-லும், வாம் குழுவின் 1984 'லாஸ்ட் கிறிஸ்துமஸ்' பிரிட்டனில் 2021 ஜனவரி 1-லும்தான் முதன்முறையாக உச்சிக்குப் போயின. எல்லாம் ஒரே காலகட்டத்தில் நடந்ததைக் கவனியுங்கள்.

ஜனவரி பிறந்ததும் இவை பட்டியலிலிருந்து மளமளவென்று சரிந்துவிடும். இடத்தைப் பிடிப்பது அதே புதுப்பாட்டுகள். போதாததற்கு, 2023-ல் லீயின் பாட்டுக்குப் புது வீடியோ எடுத்து நன்றாகவே விளம்பரமும் செய்தார்கள்.