கிறுக்கல் என்று ஒதுக்கிவிட முடியுமா?

கிராஃபிட்டி, அதாவது சுவரில் ஸ்ப்ரே பெயிண்டால் எழுதுவது, வரைவது என்றாலே சுவரைப் பாழாக்குவதுதான் என்று நான் படித்த ஒரு கட்டுரை ஒரே போடாகப் போட்டுவிட்டது. அனுமதியின்றி அடுத்தவர் வீட்டுக் கதவில் பெயர் எழுதுவதை நானும் ஆதரிக்கவில்லை. ஆனால் அந்தக் கைவேலையைக் கவனித்திருக்கிறீர்களா? ஸ்ப்ரே கேனைத் தள்ளிப் பிடித்தால் விளிம்பு புகைபோலப் படரும். ஒட்டிப் பிடித்துக் கை ஒரு நொடி தயங்கினால் பெயிண்ட் வழிந்துவிடும். அழிரப்பரெல்லாம் கிடையாது!

நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் 5பாயின்ட்ஸ் என்ற கட்டடத்தின் சுவர்களில் உரிமையாளர் அனுமதியோடுதான் ஓவியர்கள் கிராஃபிட்டி வரைந்தார்கள். 2013இல் அந்த உரிமையாளரே ராத்திரியோடு ராத்திரியாக அந்த ஓவியங்கள் மேல் வெள்ளையடித்தார். ஓவியர்கள் வழக்குப் போட்டார்கள். 2018இல் நீதிமன்றம், ஓவியங்களை அழித்ததற்காக 21 ஓவியர்களுக்கு மொத்தம் 67.5 லட்சம் டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. கட்டுரையாளர் இதை ஏன் விட்டுவிட்டார்?